மகள் நியூகாசிலில் படிக்கிறாள், தோழிகளோடு கடற்கரைக்குப் போகலாமா? கடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை_தோப்பு | திங்கள், இரவு 8.40

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் நம்ம ஆட்கள் எல்லோருக்கும் வணக்கம். மகள் செப்டம்பரில்தான் முதுகலை படிக்க இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போனாள். இந்த அக்டோபர் கடைசி சனி, ஞாயிறில் தோழிகளோடு கடற்கரைக்குப் போக வேண்டும் என்கிறாள். மூன்று பேர். இவள், திருச்சூர்ப் பெண் ஒருத்தி, சித்தூர்ப் பெண் ஒருத்தி. நம்ம பாலக்காட்டுச் சித்தூர் இல்லை, ஆந்திரா சித்தூர். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான் பேசுவார்களாம்.

சனிக்கிழமை டைன்மவுத் என்ற ஊரில் இறங்கி, கரையோரமாகவே வடக்கே நடந்து, செயின்ட் மேரிஸ் தீவில் இருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் வடக்கே ஹோலி ஐலண்டு. இரண்டு தீவுக்கும் போகிற பாதையைக் கடல் தினமும் மூடித் திறக்கும் என்று அவளே போனில் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் இல்லை.

நாங்கள் தண்ணீர் பார்க்காதவர்கள் இல்லை. சித்தூர்ப் புழையில் குளித்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் கடல் என்பது பொன்னானிக்கோ சாவக்காட்டுக்கோ எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒன்று. ஆற்றில் கயம் எங்கே என்று அந்த ஊர்க்காரரைக் கேட்டுவிட்டு இறங்கலாம். அந்தக் கடலைப் பற்றி யாரைக் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். போகாதே என்று சொல்ல மனம் வரவில்லை. போய் வா என்று சொல்லவும் தைரியம் இல்லை.

டைன்கரை_அக்கா | திங்கள், இரவு 11.15

அண்ணா, நான் கோவிந்தாபுரத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து நர்ஸாக வேலை பார்க்கிறேன், நீங்கள் சொல்லும் கரையில்தான் வீடு. முதலில் அண்ணியைத் தூங்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைப் பயணம் இந்த ஊரில் சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பயணம்தான். நியூகாசில் நடுவிலிருந்து மெட்ரோ ரயில் நேராகக் கரைக்கு வருகிறது, அரை மணி நேரம்கூட ஆகாது. டைன்மவுத், கல்லர்கோட்ஸ், விட்லி பே எல்லாம் அடுத்தடுத்த நிலையங்கள். சில வார இறுதிகளில் தண்டவாள வேலை என்று மெட்ரோவை நிறுத்திப் பேருந்து விடுவார்கள். வெள்ளிக்கிழமை இரவே அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் அவர்கள் போட்டிருக்கும் வரிசை மட்டும் சரியில்லை. அதைத் திருப்பிப் போட வேண்டும்.

காரணம் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை பௌர்ணமியை ஒட்டி வருகிறது. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் ஏற்றத்தின் உச்சம் எப்போதும் பிற்பகல் மூன்று, நாலு மணி வாக்கில்தான் வரும். நன்றாக வற்றுவது காலை ஒன்பது, பத்து மணி வாக்கில். டைன்மவுத்தில் இறங்கி, அங்கே சனி ஞாயிறு நடக்கும் சந்தையைப் பார்த்து, மடாலத்தின் இடிபாடுகளைப் பார்த்து, மெதுவாக நடந்து போனால் செயின்ட் மேரிஸ் சேரும்போது மதியம் தாண்டிவிடும். பாதை மூடுகிற நேரம் அது. இளம்பிள்ளைகள், இவ்வளவு தூரம் நடந்தோமே, ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். எனக்குப் பயம் அந்த நினைப்பு மேல்தான்.

அதனால் விட்லி பேயில் இறங்கட்டும். அங்கிருந்து தீவு மூன்று கிலோமீட்டர் வாக்கில். ஒன்பதரைக்குள் பாதைமுகப்பில் இருக்கலாம். கலங்கரை விளக்கம் 1898இல் கட்டியது, 1984இல் பயன்பாட்டை நிறுத்திவிட்டார்கள், மேலே ஏற 137 படி. அன்று திறந்திருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளட்டும். பத்தேமுக்கால், பதினொன்றுக்குள் கரைக்குத் திரும்பிவிட்டால் மீதி நாள் முழுக்க தெற்கே டைன்மவுத் வரை நடை. கடல் இடது கைப்பக்கம் கூடவே வரும்.

அண்ணா, இன்னொன்று. பாதைமுகப்பில் பாதுகாப்பாகக் கடக்கும் நேரத்தைப் பலகையில் போட்டிருப்பார்கள், இணையத்திலும் இருக்கும். அந்த நேரத்துக்கு மேல் தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று யாரும் இறங்கக் கூடாது. தீவில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம், சில மணி நேரத்தில் பாதை திறக்கும். குளிரும், பசிக்கும், அவ்வளவுதான். பாதை நடுவில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

வாளையாறு_லாரி | செவ்வாய், காலை 6.30

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். என் தம்பி மகனும் கடன் வாங்கித்தான் வெளிநாட்டில் படிக்கிறான். சனி, ஞாயிறு இரண்டு நாள் கிடைத்தால் வேலைக்குப் போய் நாலு காசு சேர்க்காமல் ஊர் சுற்றுவது எதற்கு? அப்பா தேங்காய் விற்றுப் பணம் அனுப்புகிறார். முதல் மூன்று மாதம் படிப்பும் வேலையும் போதும், கடல் எங்கேயும் போய்விடாது.

சித்தூர்_தமிழாசிரியர் | செவ்வாய், காலை 9.05

வாளையாறு சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அந்த நாட்டில் அனுமதி இல்லை. அந்த வாரத்தையும் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று கணக்கு வைக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளிக்குள் அந்த மணி நேரம் முடிந்துவிட்டால் சனிக்கிழமை கூப்பிட்டாலும் போகக் கூடாது, போனால் விசாவுக்கே ஆபத்து. ஓய்வு நாளில் அறைக்குள் கிடப்பதற்கும் மெட்ரோவில் அரை மணி நேரம் போய் வருவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னிடம் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பலர் இப்போது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். போன புதிதில் அவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று அழுகிறவர்கள் குறைவு. பேச ஆள் இல்லை என்று அழுகிறவர்கள்தான் அதிகம். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்குள் இருட்டிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு நாள் நடக்கட்டும். அந்தச் சிநேகிதம்தான் ஜனவரி, பிப்ரவரியில் கைகொடுக்கும். என்னைக் கேட்டால் இது படிப்புச் செலவில் சேர வேண்டியது.

பொழியூர்க்காரன் | செவ்வாய், இரவு 10.20

எல்லை என்றதும் எல்லோரும் பாலக்காட்டுப் பக்கமே பேசுகிறீர்கள், தெற்கு எல்லையிலிருந்து நானும் வருகிறேன். பொழியூர். எங்கள் கரையைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. அப்பா, தாத்தா எல்லாம் கடலில் போனவர்கள். நானும் கரமடி வலை இழுத்து வளர்ந்தவன்தான்.

தோப்பு அண்ணா, கடலைப் பற்றி யாரைக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகவே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நம்ம கேரளக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் நாங்கள் அதைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. நாங்கள் பயப்படுவது அலைக்கும் நீவாட்டுக்கும், அதாவது கடல் நீரோட்டத்துக்கும். பின்னே கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். தெற்கே எங்கோ பெருங்கடலில் புயலடித்து எழும்பிய அலை நாள் கணக்கில் ஓடிவந்து இங்கே வீட்டுக்குள் ஏறும். 2012இல் யுனெஸ்கோவே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. இப்போது ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதற்கு முன்னறிவிப்பு தருகிறது.

உங்கள் மகள் போகும் கரை வேறு மாதிரி. பௌர்ணமி சமயத்தில் அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். இரண்டு ஆள் உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்குகிறது. ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்குப் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். அதனால் தினமும் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப் போகும். நேற்று இந்த நேரத்துக்குப் பாதை திறந்திருந்தது என்று இன்றைக்குப் போக முடியாது.

ஏறுவதும் ஒரே சீராக ஏறாது. இதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. முதல் மணி நேரம் நின்று பார்ப்பவனுக்குக் கடல் அசைவதே தெரியாது. இதென்ன பெரிய ஏற்றம் என்று தோன்றும். மூன்றாம் மணி நேரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் ஏறிவிடும். இடுப்பளவு. உலகம் முழுக்கத் தீவுப் பாதைகளில் மாட்டிக்கொள்கிறவர்கள் இந்த முதல் மணி நேரத்தை நம்பி மாட்டிக்கொள்கிறவர்கள்தான்.

இன்னொரு விஷயம். மணல் பார்க்கச் சமமாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே மட்டம் இல்லை. பள்ளமான சால் வழியாகத் தண்ணீர் முதலில் உங்களுக்குப் பின்னால் போய் நிற்கும். முன்னால் கடல் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்று நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள், திரும்பிப் பார்த்தால் கரைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். அதனால் முன்னால் பார்க்கிற அளவுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் இறங்கக் கூடாது, அக்டோபரில் அது குளிக்கிற கடல் இல்லை. கோடையிலேயே 14, 15 டிகிரிதான் இருக்கும். நம்ம உடம்பு 28, 29 டிகிரிக் கடலில் பழகியது. அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக இழுக்கும், வாயில் தண்ணீர் போகும், நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் அதே கதிதான். அப்படி யாராவது விழுந்துவிட்டால் கைகால் அடிக்காமல் மல்லாந்து, தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீருக்குள் இருக்கும்படி மிதக்க வேண்டும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்தில் மூச்சு அடங்கும். அந்த நாட்டில் 1824 முதல் இருக்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகுச் சங்கம் இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறது. கரையில் இருப்பவர்கள் பின்னால் குதிக்கவே கூடாது. 999 அடித்து கோஸ்ட்கார்டு, அதாவது கடலோரக் காவல், வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் சொல்வது, அனுப்புங்கள் அண்ணா. கடலுக்கு நேரம் உண்டு. அந்த நேரத்தை அச்சடித்துக் கையில் கொடுக்கிற ஊரில் உங்கள் மகள் இருக்கிறாள். அதைப் படித்துவிட்டுப் போகிறவளுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை_தோப்பு | புதன், காலை 7.10

பொழியூர் தம்பிக்கும் கோவிந்தாபுரத்துத் தங்கைக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு பங்குக் கணக்கை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமைக்கு இருவரும் சம்மதித்துவிட்டோம். மகளுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹோலி ஐலண்டு பற்றி மட்டும் சொல்லுங்கள். சரித்திரம் உள்ள இடம், கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறாள்.

டைன்கரை_அக்கா | புதன், இரவு 10.50

சரித்திரம் உள்ள இடம்தான் அண்ணா, மறுக்க முடியாது. 635இல் எய்டன் என்ற துறவி மடம் நிறுவிய தீவு. 793இல் கடல் கொள்ளையர்களான வைக்கிங்குகள் அந்த மடத்தைத் தாக்கியது இங்கிலாந்தின் பள்ளிப் புத்தகங்களிலெல்லாம் வரும். அங்கே எழுதிய லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷம் என்ற கையெழுத்துப் புத்தகம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் சித்திர வேலையைப் பார்த்தால் நம்ம கோலம் போடுகிற பெண்கள் புத்தகத்தை விட்டு நகர மாட்டார்கள்.

ஆனால் இந்த ஞாயிறு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அது கடிகாரம் மாறுகிற ஞாயிறு. அதிகாலை இரண்டு மணியை ஒரு மணி ஆக்கிவிடுவார்கள். போன் தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது. அலை அட்டவணைகளிலும் சில கிரீன்விச் நேரத்தில் இருக்கும், சில கோடைக்கால நேரத்தைக் கூட்டிப் போட்டிருக்கும். சனிக்கிழமை ஒரு கணக்கு, ஞாயிற்றுக்கிழமை வேறு கணக்கு. பழகியவர்களே இரண்டு தடவை பார்ப்பார்கள். அதற்கு மேல் அந்த ஞாயிறு முதல் சூரியன் நாலரைக்கே போய்விடும்.

வண்டி வசதியும் இல்லை. தீவில் ரயில் கிடையாது. பெர்விக் வரை ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். அந்தப் பேருந்து நேரமே கடலைப் பொறுத்து மாறும், எல்லா நாளும் ஓடாது. பௌர்ணமி ஒட்டிய நாளில் காலையில் பாதை திறந்து மதியம் ஒரு மணி வாக்கில் மூடும். நியூகாசிலிலிருந்து போய்ச் சேர்ந்து, ஒன்றும் பார்க்காமல், மணியைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டியிருக்கும். கார்ப் பாதை 1954இல் போட்டது. நடுவில் கால் வைத்த உயரமான ஒரு பெட்டி நிற்கும், மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார. அதற்கு இன்றும் வேலை இருக்கிறது, கார் சிக்கிய செய்தி வராத வருஷம் இல்லை. மணல் வழியாகக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நடந்து போகும் பழைய யாத்திரைப் பாதையும் உண்டு. அது தெரிந்தவர் கூட இல்லாமல் போகவே கூடாது.

ஏப்ரல், மே வரட்டும். பகல் நீளும். என் வீட்டுக்காரர் காரிலேயே மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போகிறோம். இந்த ஞாயிறு மத்தியானம் மூவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வரட்டும். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

கல்பாத்தி_பழைய_மாணவன் | வியாழன், மதியம் 1.30

சின்னச் சின்ன விஷயம் சில. நான் அந்தப் பக்கத்தில் படித்துவிட்டுத் திரும்பியவன்.

சைவம் சாப்பிடுகிறவர்களோ மாட்டிறைச்சி வேண்டாம் என்கிறவர்களோ இருந்தால், கடற்கரைக் கடையில் வெறும் உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று வாங்கக் கூடாது. வடக்கு இங்கிலாந்தில் நிறையக் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு.

குடை கொண்டுபோக வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது. தலையை மூடும் மழைக்கோட்டு, அடிப்பாகம் வழுக்காத ஷூ, மாற்று சாக்ஸ். போனில் சார்ஜ் முக்கியம், குளிரில் சீக்கிரம் இறங்கும்.

வாளையாறு சாருக்கு: இங்கிலாந்தில் பேருந்துக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி முதல் ஒரு வழிக்கு 3 பவுண்டு உச்சவரம்பு. அதற்கு முன் 2 பவுண்டாக இருந்தது. ரயிலுக்கு 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான ரயில்கார்டு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும், முழுநேர மாணவர்களுக்கு 25க்கு மேலும் தருவார்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் இந்தப் பயணத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் செலவுகூட ஆகாது.

வாளையாறு_லாரி | வியாழன், இரவு 9.00

20 மணி நேரக் கணக்கு எனக்குத் தெரியாது, தம்பி மகனிடமும் கேட்டேன், அப்படித்தான் என்றான். சரி, பத்திரமாகப் போய் வரட்டும். மூவரில் ஒருத்தர் போன் எப்போதும் ஆனில் இருக்கட்டும்.

நியூகாசில்_மாணவி | ஞாயிறு, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். நான்தான் கொழிஞ்சாம்பாறை மகள். அப்பா இந்த இழையை அனுப்பியதிலிருந்து ஒவ்வொரு பதிலையும் நாங்கள் மூவரும் சேர்ந்துதான் படித்தோம். ஆந்திரா சித்தூர்த் தோழிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அவளுக்குப் பொழியூர் அண்ணா பதிவைச் சத்தமாக வாசித்தோம்.

டைன்கரை அக்கா சொன்னபடி விட்லி பேயில் இறங்கினோம். ஸ்பானிஷ் சிட்டி என்ற 1910ஆம் ஆண்டு வெள்ளைக் கும்மட்டத்தைத் தாண்டியதும் தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. பாதைமுகப்பில் அந்தப் பலகை இருந்தது. நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய நேரத்துக்குப் போனில் அலாரமும் வைத்தோம்.

பாதை சிமெண்டுதான், ஆனால் ஓரமெல்லாம் பச்சைப் பாசி. கல்பாத்தி அண்ணா ஷூ பற்றிச் சொன்னதன் அருமை அங்கே தெரிந்தது. இரண்டு பக்கமும் கடல் விட்டுவிட்டுப் போன குட்டைகள். ஒரு குட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கையகலத் தண்ணீருக்குள் ஒரு நண்டு, பாறையில் ஒட்டிய சிவப்புப் பூ மாதிரி ஏதோ ஒன்று. திருச்சூர்த் தோழி விலங்கியல் படித்தவள், அது கடல் அனிமோன் என்றாள். தண்ணீர் வற்றியதும் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடுமாம், கடல் திரும்பி வந்ததும் விரியுமாம். குட்டைக்குள் இருந்தது விரிந்திருந்தது, வெளியே பாறையில் இருந்தது உருண்டிருந்தது. இரண்டும் அடுத்தடுத்து.

தீவின் அந்தப் பக்கப் பாறைகளில் சீல்கள் கிடந்தன. முதலில் எல்லாம் கல் என்றே நினைத்தோம். அங்கே தன்னார்வலர் ஒருவர் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் போகாதீர்கள், சத்தம் போடாதீர்கள், பயந்து தண்ணீரில் குதித்தால் அவற்றின் ஓய்வு கெடும் என்று சொல்லி, தொலைநோக்கியில் பார்க்க விட்டார். மீசை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒன்று கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே துடுப்புக் காலால் வயிற்றைச் சொறிந்தது.

அலாரம் அடித்ததும் கிளம்பிவிட்டோம். பிறகு ஒரு காரியம் செய்தோம், இதைப் பொழியூர் அண்ணாவுக்காகவே எழுதுகிறேன். கரைக்கு வந்த பிறகு உடனே நடக்காமல் மேட்டில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த லெமன் சாதத்தைச் சாப்பிட்டபடி பாதை மூடுவதைப் பார்த்தோம். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நீங்கள் சொன்ன முதல் மணி நேரம் போல. அப்புறம் இரண்டு பக்கக் குட்டைகளும் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்தன. பாதையின் நடுவில் தாழ்ந்த இடத்தில் வடக்கிலிருந்து ஒரு நாக்கு, தெற்கிலிருந்து ஒரு நாக்கு. இரண்டும் தொட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிடுகிடுவென்று ஏறியது. ஒரு குடும்பம் தள்ளுவண்டியில் குழந்தையோடு கடைசி நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தது, அப்பாவின் பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. நாங்கள் முதலில் போட்ட வரிசையில் போயிருந்தால் அந்த நேரத்துக்குத்தான் அங்கே வந்து சேர்ந்திருப்போம்.

பிறகு தெற்கே நடை. கல்லர்கோட்ஸ் சின்ன வளைகுடா. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881, 82இல் இங்கே தங்கி மீனவப் பெண்களை வரைந்திருக்கிறார். கூடையை முதுகில் சுமந்து மீன் விற்கப் போனவர்கள். போனில் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்தோம், கடலைப் பார்த்துக் காத்து நிற்கிற பெண்கள்தான் நிறைய. டைன்மவுத்தில் உயிர்காப்புப் படைக் கட்டடத்தையும் பார்த்தோம். 1864இல் கரைக்குப் பக்கத்திலேயே கப்பல் உடைந்து ஆட்கள் செத்ததைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்கள் தாங்களாகவே தொடங்கியது, இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள்.

நாலரை மணிக்கு டைன்மவுத் மணலுக்கு மேலே நின்றபோது ஏற்றம் உச்சத்தில் இருந்தது, காலையில் அவ்வளவு அகலமாக இருந்த கரை ஒரு பட்டையாகச் சுருங்கியிருந்தது. யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை அம்மா. நீங்கள் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

இன்று அக்கா வீட்டில் சாம்பார், கோவக்காய்ப் பொரியல், பப்படம். வயிறு நிறையச் சாப்பிட்டு மூவரும் சோபாவிலேயே தூங்கிவிட்டோம். எழுந்தபோது வெளியே இருட்டு, மணி ஐந்துகூட ஆகவில்லை.

பொழியூர்க்காரன் | திங்கள், காலை 5.50

உட்கார்ந்து பார்த்தாய் பார், அதுதான் தங்கச்சி பாடம். எங்கள் வீட்டில் சின்னப் பையன்களைக் கடலுக்குக் கூட்டிப் போவதற்கு முன் கரையில் உட்கார வைப்பார்கள். என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் ஒரு சால் மாதிரி வெளியே போகிறது என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் வள்ளத்தில் ஏற்றுவார்கள். அலை உடையாத அந்த அமைதியான சந்துதான் ஆளை வெளியே இழுக்கும். அடுத்த தடவை டைன்மவுத் மணலில் நின்று அதைத் தேடிப் பார்.

மீனாட்சிபுரம்_அண்ணன் | திங்கள், இரவு 8.15

இழை முழுக்கப் படித்தேன். என் தங்கை வேல்ஸில் ஸ்வான்சியில் படிக்கிறாள். அவர்கள் வகுப்பில் கோவர் என்ற இடத்துக்கு, வோர்ம்ஸ் ஹெட் பார்க்கப் போகிறார்களாம். அதுவும் தீவுதான் போலிருக்கிறது. இதே கணக்குத்தானா?

பொழியூர்க்காரன் | திங்கள், இரவு 9.30

இல்லை அண்ணா, அது இதைவிட ஆபத்தான இடம். அந்தப் பக்கம் பிரிஸ்டல் கால்வாய் என்ற கடல்பகுதி. உலகத்திலேயே பெரிய ஏற்ற இறக்கம் உள்ள இடங்களில் ஒன்று. உள்ளே செவர்ன் முகத்துவாரத்தில் 14 மீட்டர் வரை போகும். கோவரில் அவ்வளவு இல்லை, ஆனால் நியூகாசில் கரையைவிட மிக அதிகம். வோர்ம்ஸ் ஹெட்டுக்குச் சிமெண்டுப் பாதை கிடையாது, கூர்ப்பாறைகள் மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். முழு வற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும்தான் கடக்கலாம். பாறையைக் கடக்கவே நேரம் பிடிக்கும், அதனால் போகும்போது எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, திரும்புவதற்கு அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூடிவிட்டால் தீவிலேயே இருக்க வேண்டும், நீந்தவோ தண்ணீரில் நடக்கவோ கூடாது. கரையில் ரோசிலி ஊரில் கடக்கும் நேரம் எழுதி வைத்திருப்பார்கள். எந்தத் தேதி என்று சொல்லுங்கள், அன்றைக்கு நிலா எப்படி என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மீனாட்சிபுரம்_அண்ணன் | திங்கள், இரவு 9.45

நவம்பர் இரண்டாவது சனி. தங்கையையும் இங்கே எழுதச் சொல்கிறேன்.

டைன்கரை_அக்கா | திங்கள், இரவு 11.05

நவம்பர் என்றால் நாலரைக்கெல்லாம் இருட்டு வந்துவிடும். கடல் வற்றும் நேரம் காலையிலோ நடுப்பகலிலோ வந்தால் மட்டும் பாறையில் இறங்கட்டும். சாயங்காலம் வந்தால் ரோசிலி மேட்டிலிருந்து பார்த்துவிட்டு வந்தாலே போதும், கண் நிறையத் தெரியும். தங்கையிடம் ஒரு கைவிளக்கும் இருக்கட்டும்.